டெர்மினலில் தானாக விழும் 200~, 35;41;12: யார் எழுதுவது, எப்படி நிறுத்துவது

ஒரு கட்டளையைக் காப்பி செய்து டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், ஒட்டினால் அதன் முன்னால் 200~ என்றும் பின்னால் 201~ என்றும் சேர்ந்து வருகிறது. தூரத்துக் கணினியோடு (சர்வர்) டெர்மினலை இணைக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்த பிறகு மவுஸை லேசாக நகர்த்தினாலே 35;41;12, 35;42;12 என்று எண்கள் கொட்டுகின்றன. அம்பு விசையை அழுத்தினால் கர்சர் நகராமல் ^[[ என்று ஏதோ விழுகிறது. நிரலின் பதிவேடான லாக் கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி [33, [0 என்று குப்பை.

இதைப் பார்த்ததும் சிலர் டெர்மினல் மென்பொருளையே மாற்றுகிறார்கள். சிலர் எங்கோ கிடைத்த ஒரு வரியை, தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லின் அமைப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. குப்பைபோலத் தெரியும் ஒவ்வொன்றும் முறையாக எழுதப்பட்ட ஒரு செய்தி. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பியது, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. எந்தத் திசையில் போன செய்தி என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

(கட்டளைகளின் பெயர்களையும் ஒற்றை எழுத்துகளையும் ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

## 27ஆம் எண்

எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி தரத்தில் 0 முதல் 31 வரையிலான எண்கள் எழுத்துகளுக்கு உரியவை அல்ல, கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு உரியவை. அவற்றில் 27ஆவது எஸ்கேப். அடுத்து வருவதைத் திரையில் அச்சிடாதே, உத்தரவாகப் படி என்பது அதன் வேலை.

கண்ணாடித் திரை கொண்ட டெர்மினல்கள் 1970களில் பரவியபோது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு உத்தரவுத் தொகுப்பு வைத்திருந்தது. 1976இல் ஈக்மா-48 என்ற பொதுத் தரம் வந்தது, 1979இல் அமெரிக்காவின் ஆன்சி தரம் வந்தது. இடையே 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினல் அந்தப் பொது முறையைப் பின்பற்றியது. அது விற்ற விற்பனையில், விடி100 எப்படி நடந்துகொண்டதோ அதுவே நடைமுறையில் தரமாகிவிட்டது. இன்றைய எக்ஸ்டெர்ம், ஜினோம் டெர்மினல், ஐடெர்ம்2, புட்டி, விண்டோஸ் டெர்மினல் எல்லாமே அந்தப் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்கள்தான் (எமுலேட்டர்கள்).

ஒரு எஸ்கேப் தொடரைப் பிரித்துப் படிப்பது கஷ்டமில்லை:

1. திரையில் ^[ என்று தெரிவதுதான் 27ஆம் எண். [ குறியின் எண் 91, அதிலிருந்து 64ஐக் கழித்தால் 27. கன்ட்ரோலோடு [ விசையை அழுத்தினாலும் எஸ்கேப்தான் போகும்.
2. அதற்கு அடுத்த குறி குடும்பத்தைச் சொல்லும். [ வந்தால் கர்சர், நிறம், விசை, மவுஸ் சம்பந்தப்பட்டது. ] வந்தால் ஜன்னல் தலைப்பு, பின்னணி நிறம், கிளிப்போர்டு போன்றவை.
3. பிறகு அரைப்புள்ளியால் பிரித்த எண்கள். அவற்றுக்கு முன்னால் ?, <, > வந்தால் அது தரத்துக்கு வெளியே டெர்மினல்காரர்கள் சேர்த்துக்கொண்ட தனி வகை.
4. கடைசியில் ஒரு எழுத்து அல்லது ~. இதுதான் வினைச்சொல். ^[[31ஐ அடுத்துச் சின்ன எம் வந்தால் சிவப்பு நிறம். அதே இடத்தில் வேறு எழுத்து வந்தால் வேறு உத்தரவு.

பல நேரம் தொடர் முழுதாகக் கண்ணில் படுவதில்லை. ^[[200~ என்பது 200~ என்றோ, 00~ என்றோ, வெறும் 0~ என்றோ தெரியலாம். ஷெல்லில் நீங்கள் தட்டுவதை வாங்கும் ரீட்லைன் போன்ற நிரல், தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு விசையின் தொடக்கம் என்று நினைத்து முன்பகுதியை விழுங்கிவிடுகிறது. பாதியில் பொருந்தாமல் போகவே மிச்சத்தைச் சாதாரண எழுத்தாகப் போட்டுவிடுகிறது. ஆகவே வால் மட்டும் தெரிந்தாலும் அதற்கு ஒரு தலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு திசை

நிரல் எழுதுவதெல்லாம் டெர்மினலுக்குப் போகிறது. எழுத்தும் அதே வழி, நிறத்தை மாற்று என்ற உத்தரவும் அதே வழி. எதிர்த்திசையில் நீங்கள் தட்டும் விசைகள் நிரலுக்கு வருகின்றன. இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எதிர்த்திசையில் டெர்மினல் தானாகவும் பேசும். மவுஸ் இந்த இடத்தில் இருக்கிறது, கர்சர் 24ஆவது வரியில் நிற்கிறது, நான் இன்ன வகை டெர்மினல் என்றெல்லாம் சொல்லும். இவையும் நீங்கள் விசை தட்டிய மாதிரியேதான் நிரலிடம் வந்து சேரும். எது உங்கள் கை, எது டெர்மினலின் வாய் என்று பிரித்தறிய நிரலிடம் தனிக் குழாய் எதுவும் கிடையாது.

திசையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: பேக்ஸ்பேஸை அழுத்துங்கள். அந்தக் குறிகள் அழிந்தால் அவை ஷெல்லுக்குள் உள்ளீடாக வந்தவை, அதாவது டெர்மினல் பேசியது. அழியாமல் திரையிலேயே நின்றால் ஒரு நிரல் வெளியிட்டது. என்டர் தட்டியதும் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று ஷெல் புகார் சொன்னாலும் முதல் வகைதான்.

## நிரல் சொன்னது புரியாதபோது

இந்த வகை எளிது. நிறம் போட்டுக் காட்டும் நிரல்கள், தங்கள் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா கோப்புக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிறக்குறிகளைச் சேர்க்க வேண்டும். எழுத்தைத் தேடித் தரும் க்ரெப் கட்டளையில் நிறத்தை "எப்போதும்" என்று வைத்துவிட்டால் அது இந்தச் சோதனையைத் தாண்டிவிடும், லாக் முழுக்க [33 விழும். நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் போன்றவற்றில் போலி டெர்மினல் ஒன்றைச் சேர்த்து ஓட்டினாலும் அப்படியே. நோ_கலர் என்ற சூழல் மாறியை வைத்தால் நிறத்தை நிறுத்தும் வழக்கம் 2017 முதல் பரவி வருகிறது. பல நிரல்கள் மதிக்கின்றன, எல்லாம் இல்லை. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸில் நிறக்குறி எழுத்தாகத் தெரிந்தால் பெரிய ஆர் விருப்பத்தோடு திறந்தால் போதும்.

விண்டோஸில் பழைய கட்டளைச் சாளரத்தில் ←[31 என்று இடப்பக்க அம்போடு வந்தால் அதுவும் இதேதான். ஐபிஎம் பிசியின் பழைய எழுத்துத் தொகுப்பில் 27ஆம் இடத்துக்கு இருந்த படம் அந்த அம்பு. 2015இல் வந்த விண்டோஸ் 10இன் 1511 பதிப்பு முதல் அந்தச் சாளரத்துக்கே இந்தத் தொடர்கள் புரியும். ஆனால் நிரல் அதைக் கேட்டு இயக்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்தாக இல்லாத பைனரி கோப்பைத் தவறுதலாக கேட் செய்த பின் (கேட் கட்டளை கோப்பை அப்படியே திரையில் கொட்டும்) சின்ன எழுத்துகள் எல்லாம் கோடுகளாகவும் மூலைகளாகவும் மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோப்புக்குள் ^[(0 போன்ற ஒரு தொடர் தற்செயலாக இருந்திருக்கும். கோடு வரையும் எழுத்துத் தொகுப்புக்கு மாறு என்று அதற்குப் பொருள். ரீசெட் என்ற கட்டளையைத் தட்டினால் சரியாகிவிடும்.

## அணைக்காமல் விட்ட வசதிகள்

உண்மையில் ஆட்களைத் திணறடிப்பது இந்த வகைதான்.

டெர்மினல் சும்மா இருக்கும்போது மவுஸைப் பற்றி எதுவும் சொல்லாது. விம் (எடிட்டர்), எச்டாப் (ஓடும் நிரல்களைப் பட்டியலிடுவது), டிமக்ஸ் (ஒரே ஜன்னலுக்குள் பல டெர்மினல்களைத் தருவது) போன்ற நிரல்கள் தொடங்கும்போது "மவுஸ் விவரம் அனுப்பு" என்று கேட்கின்றன. ^[[?1000 என்று எழுதி முடிவில் சின்ன எச் சேர்த்தால் இயங்கும், சின்ன எல் சேர்த்தால் நிற்கும். நிரல் ஒழுங்காக முடியும்போது எல் அனுப்பிவிட்டுத்தான் வெளியே வரும்.

இப்போது ஒரு சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக எச்டாப் ஓடுகிறது, நடுவில் வைஃபை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இயக்கு என்ற உத்தரவு உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. நிறுத்து என்ற உத்தரவு வரவே போவதில்லை. மோட்டாரைப் போட்டவர் வெளியூர் போய்விட்டால் தொட்டி வழிந்துகொண்டேதான் இருக்கும். அந்த நிலை பதிவாகியிருப்பது சர்வரில் அல்ல, உங்கள் மேசையில் திறந்திருக்கும் டெர்மினல் ஜன்னலில். சர்வரில் போய் எதைத் திருத்தினாலும் இது நிற்காது. புது ஜன்னல் திறந்தால் மாயமாக மறைந்துவிடும். ஆகவே "சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை" என்று குழம்புகிறோம்.

அடிக்கடி சிக்குகிறவை இவை:

1. மவுஸ்: 1000, 1002, 1003 என்ற வசதிகள். 1006 என்பது விவரத்தை எழுதும் முறை. 35;41;12 என்று வந்து கடைசியில் பெரிய எம் இருந்தால், பொத்தான் எதுவும் அழுத்தாமல் மவுஸ் 41ஆவது பத்தி, 12ஆவது வரிக்கு நகர்ந்தது என்று பொருள். முதல் எண் 64 அல்லது 65 என்றால் மவுஸ் சக்கரம்.
2. ஜன்னல் கவனம்: 1004. வேறு ஜன்னலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பெரிய ஐ, பெரிய ஓ விழுந்தால் இதுதான் காரணம்.
3. ஒட்டுதல் அடையாளம்: 2004. ஒட்டிய எழுத்தின் இரு முனையிலும் ^[[200~, ^[[201~ என்று வேலி போடும். தட்டியது எது, ஒட்டியது எது என்று ஷெல்லுக்குத் தெரிவதற்காக. ஒட்டியதில் புதுவரி இருந்தாலும் உடனே ஓடிவிடாமல் தடுக்க இது நல்ல பாதுகாப்பு. 2020 டிசம்பரில் வந்த பாஷ் 5.1 முதல் இயல்பாகவே இயங்குகிறது (பாஷ் பரவலான ஒரு ஷெல்). 200~ எரிச்சலூட்டுகிறது என்பதற்காக இதை நிரந்தரமாக நிறுத்தச் சொல்வது நல்ல ஆலோசனை அல்ல. வேலி தெரிகிறதென்றால், வசதியை இயக்கிவிட்டு யாரோ அணைக்காமல் போயிருக்கிறார்கள், இப்போது ஓடும் நிரலுக்கோ அது புரியவில்லை.
4. புதுவகை விசைப்பலகை முறை: கிட்டி டெர்மினல் கொண்டுவந்து பிறரும் ஏற்றுக்கொண்டது. இது சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல்+சி அழுத்தும்போது நிரல் நிற்காமல் 99;5 என்று விழும், கூடவே சின்ன யூ. 99 என்பது சின்ன சி எழுத்தின் எண். இதை வடிவமைத்தவர்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள்: அடிப்படை நிலையில் என்டர், டேப், பேக்ஸ்பேஸ் மூன்றையும் பழையபடியே விட்டுவைத்தார்கள். நிரல் செத்துப்போனாலும் ரீசெட் என்று தட்டி என்டர் அழுத்த முடிய வேண்டும் என்பதற்காகவே.

## கேட்டவர் போன பிறகு வந்த பதில்

நிரல்கள் டெர்மினலிடம் கேள்வியும் கேட்கும். ^[[6 என்பதோடு சின்ன என் சேர்த்தால் "கர்சர் எங்கே" என்ற கேள்வி. 24;80 என்று எண்களும் பெரிய ஆரும் பதிலாக வரும். நீ எந்த வகை என்று கேட்டால் ?1;2 என்று தொடங்கிச் சின்ன சியில் முடியும் பதில் வரும். பின்னணி நிறம் என்ன என்று கேட்டால் 11;ஆர்ஜிபி என்று தொடங்கும் பதில். விம் போன்ற எடிட்டர்கள் வெளிர் பின்னணியா கரும் பின்னணியா என்று தெரிந்துகொள்ள இதைக் கேட்கின்றன.

பக்கத்தில் இருக்கும் கணினியென்றால் பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். தூரத்து சர்வர், மெதுவான இணைப்பு என்றால் பதில் வருவதற்குள் கேட்ட நிரல் முடிந்துவிடலாம். அந்தப் பதில் அடுத்துக் காத்திருக்கும் ஷெல்லின் மடியில் விழுகிறது. ஷெல் கட்டளைக்காகக் காத்திருக்கும் இடமான ப்ராம்ப்ட்டில் 1;2 மட்டும் தனியாகக் கிடந்தால், எடிட்டரைத் திறந்த உடனே மூடினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

புட்டியில் இதன் வேடிக்கையான வடிவம் ஒன்று உண்டு. பைனரி கோப்பை கேட் செய்தால் ப்ராம்ப்ட்டில் புட்டிபுட்டிபுட்டி என்று தன் பெயரையே எழுதிவிடும். 5ஆம் எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிக்கு "யார் நீ" என்று பொருள், புட்டி மரியாதையாகப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

தாமதம் இன்னொரு இடத்திலும் கடிக்கும். எஸ்கேப் விசையைத் தனியாக அழுத்தினாலும் 27தான் போகிறது, மேல் அம்பை அழுத்தினாலும் முதலில் 27தான் போகிறது. எது எது என்று நிரல் நேர இடைவெளியை வைத்துத்தான் ஊகிக்கிறது. நெட்வொர்க் நடுவில் தாமதித்தால் 27 தனியாகவும் மீதி தனியாகவும் வந்து சேரும். பழைய விஐ எடிட்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போது மேல் அம்பை அழுத்தினால் மேலே ஒரு புது வரி திறந்து அதில் ஏ என்ற எழுத்து விழும். எஸ்கேப் எழுதும் நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது, பெரிய ஓ புது வரி திறந்தது, மிச்சம் இருந்த ஏ எழுத்தாக விழுந்தது. டிமக்ஸ் இதற்காக 500 மில்லி நொடி காத்திருப்பதை நெடுங்காலம் இயல்பாக வைத்திருந்தது. அதைச் சுழியம் ஆக்கச் சொல்லும் ஆலோசனை வேகமான இணைப்புக்குச் சரி, மெதுவான இணைப்புக்கு இதே தொல்லையைத் திரும்பக் கொண்டுவரும்.

## டெர்ம் மாறி

எந்த டெர்மினலுக்கு எந்தத் தொடர் புரியும் என்பது டெர்ம்இன்ஃபோ என்ற தரவுத்தொகுப்பில் இருக்கிறது. அதில் எந்தப் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதை டெர்ம் என்ற சூழல் மாறி சொல்கிறது. அந்தப் பெயரை அமைப்பது டெர்மினல் எமுலேட்டரின் பொறுப்பு, எஸ்எஸ்எச் அதை சர்வருக்கும் எடுத்துச் செல்கிறது. கிட்டி, அலாக்ரிட்டி போன்ற புதியவற்றின் பெயர் பழைய சர்வரில் இல்லாவிட்டால் "தெரியாத டெர்மினல்" என்ற பிழை வரும், பேக்ஸ்பேஸ், அம்பு விசைகள் தாறுமாறாகும்.

உடனே எல்லாரும் சொல்லும் வைத்தியம், அமைப்புக் கோப்பில் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று கையால் எழுதிவிடுவது. வேண்டாம். அந்தக் கோப்பு டிமக்ஸுக்குள்ளும் ஓடும். டிமக்ஸ் தானே ஒரு டெர்மினலாக நடந்துகொள்கிறது, அதன் பெயர் வேறு. உள்ளே போய்ப் பெயரை மாற்றினால் நிரல்கள் தவறான ஆளிடம் தவறான மொழியில் பேசத் தொடங்கும். சரியான வழி, உங்கள் கணினியில் இன்ஃபோகம்ப் கட்டளை தரும் விவரத்தை சர்வரில் டிக் கட்டளைக்குக் கொடுத்து அந்தப் பெயரை அங்கே நிறுவுவது. ஒரே ஒரு முறை செய்தால் போதும், நிர்வாகி உரிமைகூடத் தேவையில்லை.

## எந்த வரிசையில் தேடுவது

1. முதலில் மீட்டெடுங்கள். கன்ட்ரோல்+யூ அழுத்திக் கிடப்பதை அழித்துவிட்டு, எழுத்து தெரியாவிட்டாலும் ரீசெட் என்று தட்டி என்டர். என்டர் வேலை செய்யாவிட்டால் கன்ட்ரோல்+ஜே. எஸ்டிடிஒய் சேன் என்ற கட்டளை இயங்குதளத்தின் பக்கத்தை மட்டுமே சரிசெய்யும், மவுஸ் எண்களை அது நிறுத்தாது. ரீசெட் டெர்மினலுக்கும் உத்தரவு அனுப்பும்.
2. பேக்ஸ்பேஸ் சோதனையால் திசையைப் பாருங்கள்.
3. முழுத் தொடரையும் பிடியுங்கள். ஷெல்லில் கன்ட்ரோல்+வி அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்தினால் விழுங்கப்படாமல் தெரியும். கோப்பு என்றால் கேட் கட்டளையைச் சின்ன வி விருப்பத்தோடு ஓட்டுங்கள்.
4. அம்பு விசைக்கு ^[[, டெலீட்டுக்கு ^[[3~ விழுகிறது, வேறெதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் கோளாறே கிடையாது. நீங்கள் இருக்கும் நிரலுக்கு வரி திருத்தும் வசதி இல்லை. எளிய ஷெல்களிலும், உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும் கேட்டிலும் இப்படித்தான் இருக்கும்.
5. அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்: டிமக்ஸ் இல்லாமல், அமைப்புக் கோப்பு இல்லாமல், எஸ்எஸ்எச் இல்லாமல், கடைசியாக வேறு எமுலேட்டரில். எதைக் கழித்ததும் நிற்கிறதோ அங்கே தேடுங்கள்.
6. எப்போதாவது மட்டும் வருகிறது என்றால் ஸ்கிரிப்ட் கட்டளையில் அமர்வைப் பதிவு செய்யுங்கள். நிரல் அனுப்பிய கேள்வி அந்தப் பதிவில் அப்படியே இருக்கும்.

## இதில் ஆபத்தும் உண்டு

டெர்மினல் சொல்வது நீங்கள் தட்டியதுபோலவே ஷெல்லுக்குப் போகிறது என்றால், டெர்மினலைப் பேசவைப்பவன் உங்கள் சார்பில் தட்டுகிறான். 2003இல் பாதுகாப்பு ஆய்வாளர் எச்.டி. மூர் இதை விரிவாக எழுதிக் காட்டினார். ஜன்னல் தலைப்பில் ஒரு கட்டளையை வைத்துவிட்டு, தலைப்பு என்ன என்று டெர்மினலையே கேட்டால் அது அந்தக் கட்டளையை உள்ளீடாகத் திருப்பித் தரும். இதன்பின் பெரும்பாலான எமுலேட்டர்கள் தலைப்பைத் திருப்பிச் சொல்வதை நிறுத்தின. 2019இல் மோசில்லாவின் உதவியோடு நடந்த ஆய்வு ஒன்றில், ஐடெர்ம்2இன் டிமக்ஸ் இணைப்பு வசதியில் 7 ஆண்டுகளாக இருந்த கடுமையான ஓட்டை வெளியே வந்தது. எங்கிருந்தோ வந்த கோப்பை நேராக கேட் செய்யாமல் லெஸ்ஸில் திறப்பது இதற்குப் போதுமான முன்னெச்சரிக்கை.

## நிரல் எழுதுகிறவர்களுக்கு

வசதியை இயக்கினால், பிழையால் வெளியேறும் வழியிலும் அதை அணைக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதிலைப் படித்து முடிக்காமல் வெளியேறக் கூடாது, நேரம் கடந்துவிட்டால் உள்ளீட்டில் கிடப்பதைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். பாஷ் ப்ராம்ப்ட்டில் நிறம் சேர்ப்பவர்கள் நிறக்குறிகளை \[ \] என்ற அடைப்புக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாஷ் நீளத்தைத் தவறாகக் கணக்கிட்டு, நீளமான கட்டளையை அதே வரியின் தொடக்கத்திலேயே எழுதும்.

கில் -9 வாங்கிய (கட்டாயமாக உடனே கொல்லப்பட்ட) நிரலாலும் அறுந்த இணைப்பாலும் எதையும் அணைக்க முடியாது. அடிக்கடி இணைப்பு அறுகிறவர்கள் எஸ்எஸ்எச்சைச் சுற்றி ஒரு சின்ன ஷெல் சார்பு எழுதிக்கொள்ளலாம். எஸ்எஸ்எச் முடிந்ததும் பிரின்ட்எஃப் கட்டளை மூலம் (\033 என்று எழுதுவதும் அதே 27ஆம் எண்தான்) \033[?1000, \033[?1002, \033[?1003, \033[?1004 ஒவ்வொன்றின் முடிவிலும் சின்ன எல் ஒட்டி அனுப்பினால் மவுஸ் எண்களும் கவனக் குறிகளும் நின்றுவிடும். 2004ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். பாஷ் 5.1க்குப் பிறகு அடுத்த ப்ராம்ப்ட் வரும்போது அதைத் தானாகவே மறுபடி இயக்கிக்கொள்ளும்.